இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

அம்பாசமுத்திரம் பக்கம் 'சிந்தனைச் சுடர்' பட்டிமன்றக் குழுவின் பேச்சைக் கேட்காதவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம். கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் கோயில் கொடைத் திருவிழாவில் கரகாட்டம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் குழுவைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

குழுவில் மொத்தம் ஐந்து பேர். நடுவர் ஆவுடையப்பன், வெள்ளை ஜிப்பாவும் பித்தளை மணியுமாக நடுவில் உட்காருவார். பேச்சாளர்கள் குத்தாலிங்கம், சங்கரபாண்டி, ஞானசௌந்தரி, பேச்சிமுத்து. இந்தக் கதையில் அழ வேண்டியவன் பேச்சிமுத்து. குழுவின் வேனை ஓட்டுபவனும் அவன்தான். மற்ற நால்வருக்கும் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டு போகத்தான் தெரியும்.

யாருக்கு எந்த அணி என்பதை விரல் தொட்டு முடிவு செய்வார்கள். நடுவர் கண்ணை மூடி, எந்த விரலுக்கு எந்த அணி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டுவார். தொட்ட விரல் தொட்டதுதான். அப்பீல் கிடையாது.

ஒருமுறை ஏதோ ஒரு மேடையில் நடுவர் உணர்ச்சிவசப்பட்டு, "மேடையில் பேசியதை வீட்டில் கடைப்பிடிக்காதவன் மனிதனே அல்ல!" என்று முழங்கிவிட்டார். கைதட்டலுக்காகச் சொன்னதுதான், கைதட்டலும் வந்தது. ஆனால் பேச்சாளர்கள் நால்வரும் அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேசிய கட்சிதான் வாழ்க்கை. அடுத்த தலைப்பு வரும்வரை மாறக் கூடாது.

'உடம்புக்கு நல்லது நடையா, தூக்கமா' என்ற தலைப்பில் சங்கரபாண்டிக்கு நடை வந்தது. அவன் முடிவெட்டிக்கொள்ளத் தென்காசிக்கு நடந்து போனான். திரும்பி வருவதற்குள் முடி பழையபடி வளர்ந்திருந்தது. குத்தாலிங்கத்துக்குத் தூக்கம். அவன் அந்த அணியில் இருந்த காலத்தில் அவனுடைய மைத்துனன் கல்யாணமே நடந்து முடிந்தது. 'சுவையில் சிறந்தது இனிப்பா, காரமா' என்றபோது ஞானசௌந்தரி காரம் பக்கம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கில் அவள் வத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தாள்.

எந்தத் தலைப்பானாலும் நடுவர் கடைசியில் மணியை அடித்து ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்: "இரண்டும் வேண்டும்." ஊருக்கெல்லாம் அது தெரியும். தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள், கரகாட்டம் அதற்குப் பிறகு என்பதால்.

கல்லிடைக்குறிச்சிக் கொடைக்குப் போகும் வழியில் ஒருநாள் வேனின் கியர் ராடு அடியோடு பிடுங்கிக்கொண்டு பேச்சிமுத்துவின் கையில் வந்துவிட்டது. மீதி வேன் ரோட்டிலேயே நின்றது. ஐந்து பேரும் இறங்கி அந்த ராடையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுதானே வேனை ஓட்டிட்டு இருந்துச்சு?" என்றான் சங்கரபாண்டி.

"ஆமா."

"அப்போ முக்கியமானது கையில இருக்கு. மத்ததை விட்டுட்டுப் போவோம்."

அப்படியே செய்தார்கள். கியர் ராடைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். புது வண்டி வாங்க வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

பேச்சிமுத்துவுக்கு அந்தப் பேச்சில் தனியாக ஒரு அவசரம் இருந்தது. அவன் வண்டி ஓட்டக் கற்றது வெயிலுமுத்து மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில். கற்றுக்கொடுத்தது மாஸ்டரின் மகள் செண்பகவல்லி. முதல் நாள் அவள், "கிளச்சை மெதுவா விடுங்க" என்றாள். பேச்சிமுத்து மெதுவாக விட்டான். எவ்வளவு மெதுவாக என்றால், அவனுக்குப் பின் வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டும் முடித்துவிட்டார்கள். அவன் கால் பாதிதான் மேலே வந்திருந்தது. செண்பகவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் விழுந்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

பெண் கேட்டுப் போனபோது வெயிலுமுத்து மாஸ்டர் மீசையைத் தடவினார். கியர் என்றால் அவருக்கு உயிர். கியரில்லாத ஸ்கூட்டர் தெருவில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வே பேச்சிமுத்து, ஆவணில ஒரு வெள்ளிக்கிழமை நல்லாருக்கு. ராகு காலத்துக்கு முன்னால நிச்சயதாம்பூலம் மாத்திக்கிடலாம். ஆனா ஒண்ணு. நீரு கார்ல வரணும். எங்க வீட்டு ஏத்தத்துல பாதி வழியில நிறுத்தணும். நான் பின் சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வைப்பேன். கியரைப் போட்டு வண்டியை எடுக்கும்போது பழம் நசுங்கக் கூடாது. நசுங்குச்சுன்னா வண்டி பின்னால வந்துட்டுன்னு அர்த்தம். நீரும் அப்படியே பின்னால போயிர வேண்டியதுதான்."

மாஸ்டரின் வீடு மலையடிவாரத்தில் ஒரு செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. ஏற்றத்தின் அடியில் வாழைத்தோப்பு. அந்தப் பழப் பரீட்சையில் தோற்ற வண்டிகள் பல வாழைகளைச் சாய்த்திருக்கின்றன. ஆனால் பேச்சிமுத்து பயப்படவில்லை. கியர் வண்டி கையில் கிடைத்தால் பழத்தின் தோலைக்கூடத் தொடாமல் எடுப்பான். செண்பகவல்லியின் பாடம் அப்படி.

திருநெல்வேலியில் ஒரு கார் கம்பெனிக்கு ஐந்து பேரும் போனார்கள். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் இரண்டு கார்களைக் காட்டினார். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

"இது கியர் வண்டி சார். இது ஹைபிரிட். இதுல என்ஜினும் இருக்கு, கரண்ட் மோட்டாரும் இருக்கு. எப்போ எது ஓடணும்னு வண்டியே முடிவு பண்ணிக்கும்."

நடுவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ளேயே ஒரு நடுவர் உட்காந்திருக்காரா?"

"அப்படியும் சொல்லலாம் சார். ஹைபிரிட்லயும் வகை இருக்கு. ஒண்ணுல மோட்டார் என்ஜினுக்குச் சும்மா கை கொடுக்கும், தனியா இழுக்காது. இன்னொண்ணுல மோட்டாரே தனியாவும் இழுக்கும். மூணாவது வகையில வீட்டு பிளக்ல வயரைச் சொருகி சார்ஜ் பண்ணணும்."

"முதல் வகை நம்ம சங்கரபாண்டி," என்றான் குத்தாலிங்கம். "மேடையில கூடவே நிப்பான். பேச்சு வராது."

"மூணாவது நீங்க," என்றாள் ஞானசௌந்தரி. "யார் வீட்டுலயாவது சொருகினாத்தான் சாப்பாடு."

இரண்டாவது வகை யாருக்கும் பொருந்தவில்லை. அதனால் அதையே பார்ப்பது என்று முடிவானது. விற்பனையாளர் உற்சாகமாகிவிட்டார்.

"ஓட்டுறதுக்கு ரொம்ப லேசு சார். கிளச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்ல. இன்னொரு விசேஷம், பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரி சார்ஜ் ஆகும். மெதுவாப் போனா சத்தமே வராது. ஏறிப் பாருங்க."

பேச்சிமுத்து ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான். விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி, "ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றார். ஒரு சத்தமும் இல்லை. வெளியே நின்ற நால்வரும் காதைத் தீட்டினார்கள்.

"பாவம், கூச்சப்படுறாரு," என்றார் நடுவர் மெதுவாக. "வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு நம்ம முன்னால எப்படிச் சொல்லுவாரு? தள்ளுங்கப்பா."

கார் நகர்ந்தது. நால்வரும் அதன் பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார்கள். விற்பனையாளர் கண்ணாடியை இறக்கி, "சார், தள்ளாதீங்க, அது தானா ஓடுது!" என்று கத்தினார். "பரவாயில்ல தம்பி!" என்று அவர்களும் கத்தினார்கள். பாளையங்கோட்டை முக்குவரை போய்த் திரும்பினார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற குத்தாலிங்கம், "எத்தனையோ வண்டி தள்ளியிருக்கேன், இவ்வளவு லேசான வண்டியைத் தள்ளினதே இல்ல" என்றான். எல்லாருக்கும் காரைப் பிடித்துவிட்டது.

பேச்சிமுத்துவுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. "கியர் வண்டியே வாங்கிருவோம் ஐயா" என்று நடுவரிடம் கெஞ்சினான்.

"கருத்து ரெண்டு இருக்கு," என்றார் நடுவர். "அப்போ இது தலைப்பு."

அங்கேயே நாற்காலிகள் போடப்பட்டன. 'பயணத்துக்குச் சிறந்தது கியர் வண்டியா, ஹைபிரிட் வண்டியா?' நடுவர் கண்ணை மூடி விரல்களை நீட்டினார். பேச்சிமுத்து தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டு நடுவிரலைத் தொட்டான். ஹைபிரிட். சங்கரபாண்டியும் அதே. குத்தாலிங்கத்துக்கும் ஞானசௌந்தரிக்கும் கியர்.

முதலில் குத்தாலிங்கம் எழுந்தான். "நடுவர் அவர்களே! இறைவன் மனிதனுக்கு இரண்டு கை, இரண்டு கால் கொடுத்தான். கியர் வண்டி அத்தனைக்கும் வேலை கொடுக்கிறது. ஹைபிரிட் வண்டியோ இடது காலை வேலையை விட்டு நிறுத்துகிறது. அந்தக் கால் இனி எங்கே போகும்? யாரிடம் போய் நிற்கும்?"

ஞானசௌந்தரி: "கியர் போடும்போது வண்டி நம்மோடு பேசுகிறது நடுவர் அவர்களே. தவறாகப் போட்டால் கர்ரென்று திட்டுகிறது. திட்டாத வண்டியை எப்படி நம்புவது?"

சங்கரபாண்டி வழக்கம்போல எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு பேச்சிமுத்து. "கிளச்சை மிதித்து மிதித்து என் இடது கால் பட்ட பாடு போதும் நடுவர் அவர்களே! கூட்டமான ரத வீதியில் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர் என்று திண்டாடியவனைக் கேளுங்கள். அந்தக் காலுக்கு ஓய்வு கொடுங்கள்!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது செண்பகவல்லிக்காக வந்த கண்ணீர். கூடியிருந்தவர்கள் இடது காலுக்காக என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் பேசியதிலேயே இதுதான் சிறந்த பேச்சு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

நடுவர் மணியை அடித்தார். "இரண்டும் வேண்டும். வாங்குவது ஹைபிரிட். ஓட்டுவது கியர் போட்டு."

விற்பனையாளர், "சார், இதுல கியர் ராடு கிடையாதே" என்றார்.

"எங்ககிட்ட இருக்கு," என்றார் நடுவர்.

புறப்படும்போது பேச்சிமுத்து இடது கால் செருப்பைக் கழற்றி அந்தக் கம்பெனி வாசலிலேயே விட்டான். வேலை இல்லாத காலுக்குச் செருப்பு எதற்கு? மேடையில் பேசியதைக் கடைப்பிடிக்கிற மனிதன் அவன்.

நிச்சயதார்த்த வெள்ளிக்கிழமையும் வந்தது. ஒரு தூக்குவாளியில் தாமிரபரணி மணலை ஈரத்தோடு நிரப்பி, அதில் பழைய வேனின் கியர் ராடை நட்டு, முன்சீட்டுகளுக்கு நடுவே வைத்தார்கள். ஹைபிரிட் அணிக்காரன் கியரைத் தொடக் கூடாது. அதனால் கியர் போடும் பொறுப்பு இடது பக்கம் உட்கார்ந்த குத்தாலிங்கத்துக்குப் போனது. பின்சீட்டில் நடுவர் நடுவில். ஒருபுறம் ஞானசௌந்தரி, மறுபுறம் சங்கரபாண்டி மடியில் தாம்பூலத் தட்டோடு.

பட்டனை அமுக்கியதும் சத்தம் வராததால் எல்லாரும் தள்ள இறங்கப் போனார்கள். குத்தாலிங்கம் கையமர்த்தினான். "கியர் போடுறவன்தானே சத்தத்துக்கும் பொறுப்பு?" என்று சொல்லி, வாயாலேயே உறுமத் தொடங்கினான். முதல் கியருக்கு அடித்தொண்டையில், இரண்டாவதுக்குக் கொஞ்சம் மேலே, மூன்றாவதுக்கு மூக்கால். சத்தம் வந்துவிட்டதால் எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

பேச்சிமுத்துவுக்கு நிம்மதி இல்லை. கியர் போடுகிற கை குத்தாலிங்கத்தின் கை. குத்தாலிங்கத்துக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். மாஸ்டர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? போதாக்குறைக்கு ஞானசௌந்தரி பின்னாலிருந்து, "பிரேக் பிடிங்க தம்பி, பேட்டரி சார்ஜ் ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிடிக்கப் பிடிக்க சார்ஜ் ஆகும் என்று விற்பனையாளரே சொன்னதுதான். அவன் பிடித்துக்கொண்டே ஓட்டினான். அம்மன் ஊர்வலத் தேர் அவர்களை முந்திக்கொண்டு போனது.

ஏற்றத்தின் அடிக்கு வந்தபோது ராகு காலம் நெருங்கிவிட்டிருந்தது. மேலே வாசலில் பட்டுப்புடவையில் செண்பகவல்லி நிற்பது தெரிந்தது. ஏற்றத்தின் நடுவில் வெயிலுமுத்து மாஸ்டர் கையை உயர்த்தி நின்றார். பேச்சிமுத்து நிறுத்தினான். மாஸ்டர் பின்னால் போய்க் குனிந்து, சக்கரத்தை ஒட்டிப் பழத்தை வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார்.

ஞானசௌந்தரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா மரியாதையை! புது வண்டிக்கு மாமனார் எலுமிச்சம்பழம் வைக்காரு. ஏத்தி நசுக்குங்க தம்பி. நசுக்காமப் போனா வண்டிக்கு ஆகாது."

"அக்கா, அது திருஷ்டிப் பழமில்ல, பரீட்சைப் பழம்! நசுங்குச்சுன்னா எனக்குப் பொண்ணு இல்ல!" பேச்சிமுத்து அலறினான்.

"புது வண்டி சக்கரத்துல பழத்தை வச்சா நசுக்கணும். உலக வழக்கம்," என்றான் குத்தாலிங்கம் உறுமலை நிறுத்தாமல்.

நடுவர் கண்ணை மூடினார்.

"கருத்து ரெண்டு இருக்கு," என்றார் நடுவர். "'சக்கரத்தடிப் பழத்தை நசுக்குவதா, விடுவதா?' விரலைத் தொடுங்க."

"ஐயா, ராகு காலம் வருது!"

"அப்போ சீக்கிரம் தொடு."

போன தடவை நடுவிரல் கெடுத்தது. இந்தத் தடவை பேச்சிமுத்து யோசித்து ஆள்காட்டி விரலைத் தொட்டான். நசுக்குவது. கூட ஞானசௌந்தரி. குத்தாலிங்கத்துக்கும் சங்கரபாண்டிக்கும் விடுவது.

ஒரே ஒரு நல்லது நடந்தது. புதுத் தலைப்பு வந்ததும் பழைய அணிகள் கலைந்துபோயின. பேச்சிமுத்து இனி ஹைபிரிட்காரன் இல்லை. அவன் பாய்ந்து தூக்குவாளியில் இருந்த கியர் ராடைத் தன் கையில் பிடித்தான். குத்தாலிங்கமும் இனி கியர் அணி இல்லை என்பதால் உறுமலை நிறுத்திவிட்டான். வண்டி அமைதியாகிவிட்டது.

குத்தாலிங்கம், "ஒரு பாவமும் அறியாத பழம் நடுவர் அவர்களே!" என்று தொடங்கி உருக்கமாகப் பேசினான். பேச்சிமுத்து தன் கல்யாணத்தின் கழுத்தில் கத்தி வைத்துப் பேசினான். "நசுங்குவதற்கென்றே ஒரு பழம் வந்து சக்கரத்தடியில் படுத்திருக்கிறது. அதன் ஆசையைக் கெடுக்க நாம் யார்?" மறுபடியும் கண்ணீர். வெளியே நின்ற மாஸ்டர், கார் நின்றுகொண்டே இருப்பதையும் உள்ளே மாப்பிள்ளை அழுவதையும் பார்த்து, ஏற்றத்தைக் கண்டு பயந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்.

மணி அடித்தது. பேச்சிமுத்துவுக்குத் தீர்ப்பு தெரியும். ஊருக்கே தெரியும்.

"இரண்டும் வேண்டும்," என்றார் நடுவர். "பாதியை நசுக்கு. பாதியை விட்டுடு."

சங்கரபாண்டி இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு அருகே தரையில் குப்புறப் படுத்தான். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சிமுத்து ரிவர்ஸ் போட்டான். அதாவது பட்டனையும் அமுக்கினான், மரியாதைக்கு வாளியில் இருந்த ராடையும் ஒரு தள்ளு தள்ளினான். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுக்கத் தொடங்கினான்.

'மெதுவா விடுங்க' என்று அவள் சொன்ன முதல் பாடம் காதில் கேட்டது. அவன் மெதுவாக விட்டான். உச்சியில் நின்ற செண்பகவல்லி அந்த மெதுவைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. சக்கரம் ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு நூல்.

"இன்னும்..." என்றான் சங்கரபாண்டி தரையிலிருந்து. குழுவில் சேர்ந்ததிலிருந்து ஒரு தலைப்பில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "இன்னும் கொஞ்சம்... பாதி!"

நடுவர் மணியை அடித்தார். பேச்சிமுத்து பிரேக்கை மிதித்து, ராடை இழுத்து, முன்னால் எடுத்தான். கார் ஒரு சத்தமும் இல்லாமல் நாலடி மேலே ஏறி நின்றது.

மாஸ்டர் குனிந்து பழத்தை எடுத்தார். ஒரு பாதி அப்பளம்போலத் தட்டையாக இருந்தது. மறு பாதி உருண்டையாக, தோலில் கீறல்கூட இல்லாமல் இருந்தது. நசுங்கியது என்றும் சொல்ல முடியவில்லை, நசுங்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. பழத்தைக் கையில் பிடித்தபடி கார்க் கதவருகே வந்தார்.

"வே, நீரு என்ன கியர்ல எடுத்தீரு?"

பேச்சிமுத்து வாளியில் ராடு சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "மூணாவது கியர்ல இருக்கு மாஸ்டர்."

"மூணுலயா! ஏத்தத்துலயா! கிளச்?"

"இடது காலுக்கு வேலை கொடுக்கல மாஸ்டர்." அவன் செருப்பில்லாத இடது காலைக் காட்டினான். அது சீட்டின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"என்ஜின் சத்தமே கேக்கலையே?"

"குத்தாலிங்கம் அண்ணாச்சி நிறுத்திட்டாரு."

வெயிலுமுத்து மாஸ்டர் அப்படியே நின்றார். என்ஜினை நிறுத்திவிட்டு, கிளச்சைத் தொடாமல், மூன்றாவது கியரில், செங்குத்து ஏற்றத்தில், எலுமிச்சம்பழத்தைச் சரிபாதியாக நசுக்கிவிட்டு மேலே ஏறியிருக்கிறான் ஒருவன். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"மாப்ளே!" என்று ஜன்னல் வழியாகவே கட்டிக்கொண்டார். உடனே முகம் மாறியது. "இருங்க. சிஷ்யன் செஞ்சதை மாஸ்டர் செய்யாம எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் தாம்பூலம் மாத்த?"

"அப்பா, வேண்டாம்ப்பா," என்றாள் மேலிருந்து செண்பகவல்லி. அவர் கேட்கவில்லை. ஓடிப்போய் ஸ்கூலின் பழைய ஜீப்பை ஏற்றத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். பின் சக்கரத்தடியில் புதுப் பழம் ஒன்றை வைத்தார். இடது கால் செருப்பைக் கழற்றி வீசினார். என்ஜினை அணைத்தார். மூன்றாவது கியர் இருக்கும் பக்கமாக ராடைத் தள்ளிப் பிடித்தபடி, இடது காலை சீட்டில் மடித்து வைத்துக்கொண்டு, பிரேக்கை விட்டார்.

பழம்தான் முதலில் உருண்டது. ஜீப் அதன் பின்னாலேயே போனது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் ஏற்றம் முழுவதும் இறங்கி வாழைத்தோப்புக்குள் நுழைந்தன. மூன்று வாழைகள் சாய்ந்தன. பிறகு சத்தமில்லை.

பேச்சிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. மாமனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாம்பூலமா மாறும்? அவன் ஒற்றைச் செருப்போடு தோப்பைப் பார்த்து ஓடினான். மற்றவர்கள் தட்டோடு பின்னால் ஓடினார்கள்.

வாழை இலைகளை விலக்கிக்கொண்டு மாஸ்டர் வெளியே வந்தார். தலையில் ஒரு வாழைப்பூ தொங்கியது. கையை உயர்த்திப் பிடித்திருந்தார். கையில் எலுமிச்சம்பழம், வைத்த மாதிரியே உருண்டையாக.

"பாருங்க வே! நசுங்கலை!"

நசுங்கவில்லைதான். எல்லாரும் கைதட்டினார்கள். செண்பகவல்லி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்து, எலும்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, "பாஸ் ஆயிட்டீங்க அப்பா. ராகு காலம் வர்றதுக்குள்ள தட்டை மாத்துங்க" என்றாள்.

வாழைத்தோப்பிலேயே தாம்பூலம் மாறியது. தட்டில் எந்த எலுமிச்சம்பழத்தை வைப்பது, மாப்பிள்ளையின் பாதிப் பழத்தையா, மாமனாரின் முழுப் பழத்தையா என்று ஒரு கேள்வி எழுந்தது. நடுவர் விரலை நீட்டப் போனார். செண்பகவல்லி அந்த விரல்களை மடக்கிவிட்டு, இரண்டு பழத்தையும் எடுத்துத் தட்டில் வைத்தாள். நடுவர் அவளை மரியாதையோடு பார்த்தார். தன் வாழ்நாளில் மணி அடிக்காமல் சரியான தீர்ப்பு சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்று பிறகு சொன்னார்.

"புது வண்டியில ரெண்டு பேரும் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்க் கும்பிட்டுட்டு வாங்க" என்றார் மாஸ்டர். பேச்சிமுத்துவும் செண்பகவல்லியும் காரில் ஏறினார்கள். பட்டனை அமுக்கினான். சத்தம் இல்லை. குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள். காலையிலிருந்து உறுமி உறுமி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது. அவன் கையை விரித்தான்.

"கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்," என்றார் நடுவர். நிச்சயதார்த்தத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் கூடிவிட்டார்கள். மாஸ்டரும் வாழைப்பூவோடு வந்து தோள் கொடுத்தார். கார் மெல்ல ரோட்டில் நகர்ந்தது. ஊரே பின்னால் தள்ளிக்கொண்டு ஓடியது.

உள்ளே அவர்கள் இருவர் மட்டும். முதல்முறையாகப் பக்கத்தில் யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவல்லி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"இது தானா ஓடும்னு அவங்ககிட்ட சொல்லலையா?"

"நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றான் பேச்சிமுத்து வருத்தமாக. "நான் இப்போ ஹைபிரிட் அணி இல்லையே. பழம் நசுக்குற அணியாச்சே."

அவள் முதல் நாள் சிரித்தது போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு அது போதும். கோயில் எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி என்று தோன்றியது.

பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"என்ன வே இப்படித் தள்ளுறீங்க? எல்லாரும் இடது கால் செருப்பைக் கழத்திட்டுத் தள்ளுங்க. அப்பத்தான் வேகமாப் போகும்!"